அசையாதீங்க

ஸ்டூடியோக்காரருக்குத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: 'அசையாதீங்க'. பாஸ்போர்ட் படத்துக்கு வந்து ஸ்டூலில் உட்காருவது பெரிய அதிகாரியோ கைக்குழந்தையோ, எல்லோருக்கும் அந்த ஒரே வார்த்தைதான். சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவார். மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். அதன் தலையிலிருக்கும் சக்கரத்தைப் பச்சைக் கட்டத்தில், அதாவது ஆட்டோவில் வைத்தவர் வைத்தவர்தான், அப்புறம் திருப்பவே இல்லை. படங்களுக்குச் சட்டம் அடிக்கிற வேலைக்கு வந்தவர், முதலாளி ஊரைவிட்டுப் போனபோது கடையோடு கேமராவையும் வாங்கிக்கொண்டார். சொல்லித்தர ஆளில்லை. இவரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது?

மகளுக்குக் கல்யாணமானதும் அந்தக் கௌரவம் இன்னும் ஏறிப்போயிற்று. மாப்பிள்ளைக்குப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். பயிரைத் தின்கிற பூச்சிகளைத் தின்கிற பூச்சிகளை வளர்ப்பது அவர் வேலை. மாமனார் பெரிய கேமராமேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஒருநாள் கிட்டத்தில் வைத்து எடுக்கும் லென்ஸ் ஒன்றையும், மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பாவையும் கொண்டுவந்து நீட்டினார். டப்பாவுக்குள் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு கும்பிடுபூச்சி. அந்த வகையில் பெண் இது ஒன்றுதான் பிழைத்திருக்கிறதாம், முட்டை வைக்கிற நேரமாம். நிலையத்தின் வாசல் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும், எடுத்ததும் பூச்சியைப் பத்திரமாகத் தந்துவிட வேண்டும் என்றார்.

"அதுக்கென்ன மாப்ள, எடுத்துட்டாப் போச்சு."

வாய் சொல்லிவிட்டது. கை அல்லவா எடுக்க வேண்டும்! பச்சைக் கட்டத்தில் வைத்து எடுத்த படங்களில் ஒன்றில் பூச்சியின் முதுகு ஃப்ளாஷில் வெளுத்துப்போயிருந்தது. இன்னொன்றில் இலையின் நரம்பு அற்புதமாகத் தெரிந்தது, பூச்சியைத்தான் காணோம். மனுஷனுக்கு முழி பிதுங்கியது. ஸ்டூடியோ வீட்டின் முன்னறைதான். கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஹெட்போன் மாட்டி வீடியோ பார்த்தார். அதில் பேசிய பெண்ணுக்கு அவர் மகளைவிடச் சின்ன வயது. வெளிச்சம் நுழைகிற துளையான அப்பர்ச்சரைச் சுருக்கினால் கண்ணோடு காலும் தெளிவாக வரும், ஆனால் படம் இருட்டும். இருட்டைப் போக்க வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓவைக் கண்டபடி ஏற்றினால் புள்ளி புள்ளியாகிவிடும், ஃப்ளாஷ் போட்டு அதன் முன்னால் வெள்ளைக் காகிதம் கட்டுங்கள் என்றாள். ஃபோகஸ் வளையத்தைத் திருகாமல் உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள் என்றாள். இவ்வளவு காலம் சோறு போட்ட கேமராவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்று அவருக்குக் காதுமடல் சுட்டது.

எல்லாம் சரிதான், பூச்சி நின்றால்தானே. காற்றில் ஆடுகிற இலை மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. சிலர் ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதும் உண்டு என்று அந்தப் பெண் சொல்லி, அது கூடாது என்பதற்கான காரணத்தை ஆரம்பிக்கும்போதே இவர் எழுந்து போய்விட்டார். கீழ்த்தட்டில் சமையல் சாமான். அங்கே பூச்சியை வைத்தால் மனைவி வீட்டை இரண்டாக்கிவிடுவாள். ஃப்ரீஸரில், ஐஸ் தட்டுக்குப் பின்னால் டப்பாவைச் செருகினார்.

பூச்சி விறைக்கிறவரை கை பழகட்டும் என்று சட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு பட்டனை மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் கையால் திருகி வைக்கிற மேனுவலில் முதல் படம் ஒரே கறுப்பு. அடுத்தது ஒரே வெளுப்பு. ஒவ்வொன்றாகத் திருகித் திருகி, கடைசியில் பட்டனின் நாலு ஓட்டையும், அதில் தொங்கிய நூலின் பிசிறும் கண்ணில் குத்துகிற மாதிரி வந்தன. தன் கையால், தானே யோசித்து எடுத்த முதல் படம். தனியாக உட்கார்ந்து சிரித்தார். இப்படி எடுத்தார், அப்படி எடுத்தார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் டப்பா ஞாபகம் வந்தது.

விறைத்துக் கிடந்த பூச்சியை எடுத்து இலைமேல் வைத்தார். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தார். வாயால் ஊதிப் பார்த்தார். உடம்பெல்லாம் பொடிப்பொடியாக நீர் கோத்தது, கூப்பிய கால் மட்டும் பிரியவில்லை. செத்ததையா எடுப்பது என்று கை கூசியது. கூசிக்கொண்டே எடுத்தார். பொத்தானை அமுக்கும் முன் பழக்கதோஷத்தில் வாய் சொன்னது: "அசையாதீங்க."

உடலைப் பழைய முதலாளி விட்டுப்போன ஃபிலிம் டப்பியில் போட்டு மூடினார். படம் எடுத்துவிட்டுத் திரும்ப டப்பாவில் போடப் போனபோது ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை அலுவலகத்திலிருந்து நேராக ஓடிவந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த செடிகளில் முட்டி போட்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டினார். இவரும் கூடவே குனிந்து புரட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

படம் வாசல் சுவரில் ஆளுயரத்துக்கு ஏறியது. திறப்பு நாளில் நிலையத்தின் இயக்குநர் அதன் முன்னால் நின்று, அந்தப் பனித்துளிகள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் சட்டைப் பையைத் தடவினார். மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டார்.

"மாமாவுக்குப் பொறுமை ஜாஸ்தி சார். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து காத்துக்கிட்டு இருந்தாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். சுவரில் அத்தனை பெரிய பூச்சி இவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. தான் விடிந்து வெகுநேரம் கழித்து எழுகிற ஆள் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னார்? கூட்டம் கலைந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளையின் கையில் ஃபிலிம் டப்பியை வைத்தார். காலையிலிருந்தே அது சட்டைப் பையில்தான் இருந்தது. மாப்பிள்ளை திறந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"படத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது மாமா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஃப்ரீஸர்லயா வச்சீங்க?"

"மறந்துட்டேன் மாப்ள. கேமராவைத் திருகவே எனக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். ஒரு சட்டை பட்டனை வச்சு எடுத்துக்கிட்டு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மாப்பிள்ளை டப்பியை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடினார்.

"பட்டன் நல்லா வந்துச்சா மாமா?"

"வந்துச்சு" என்றார் ஸ்டூடியோக்காரர். தலையை நிமிர்த்த முடியவில்லை. மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பி, ஏறச் சொல்லும்வரை அசையாமல் நின்றார்.