கோரஸின் அக்கா

பெரிய ஓட்டல் ஒன்றின் பின்பக்கத்துச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் இஸ்திரி அக்கா என்பார்கள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் சுருக்கம் விழாமல் வாங்கி மடித்து அடுக்குவது அவள் வேலை. ஆவியில் முகம் எந்நேரமும் வெந்து சிவந்திருக்கும். ஆனாலும் வாய் சும்மா இருக்காது. ஊரே கொண்டாடிய சினிமாப் பாடகர் ஒருவரின் பாட்டு ஏதாவது ஒன்று முணுமுணுப்பாக ஓடிக்கொண்டே இருக்கும். அவளிடமிருந்துதான் அந்தப் பித்து தம்பிக்கும் தொற்றியது.

தம்பி வெல்டிங் பட்டறையில் இருந்தான். அந்தப் பாடகர் என்றால் அவனுக்கு உயிர். குரல்தான் வாய்க்கவில்லை, தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அதனால் ரசிகர் மன்றத்துக்காரர்கள் அவன் கையில் மைக்கைக் கொடுக்கவே மாட்டார்கள். பின்வரிசையில் நின்று கூடச் சேர்ந்து இழுப்பதோடு சரி. அப்படி ஒட்டிக்கொண்டதுதான் கோரஸ் என்ற பெயர். பட்டறை முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார். அவனுக்கு அதில் பெருமைதான். தான் இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாகப் போய்விடும் என்று சொல்லித் திரிவான்.

பாடகர் இறந்த செய்தி சாப்பாட்டு வேளையில் வந்தது. கூடத்தில் ஒருத்தி போனைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் உருளையை நிறுத்தினார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அக்கா வெள்ளை விரிப்பு ஒன்றில் முகத்தைப் புதைத்து அழுதாள். சொந்த அப்பா போனபோதுகூட அப்படி அழுததில்லை என்று அவளுக்கே தோன்றியது.

உடலை விளையாட்டு மைதானத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அவளுக்கும் போக ஆசைதான். ஆனால் இறுதி ஊர்வலத்துக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கியதில் ஓட்டல் நிரம்பி வழிந்தது. யாருக்கும் விடுப்பு இல்லை. மறுநாள் காலையில் தம்பி கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, "எனக்கும் சேர்த்துப் பாத்துட்டு வாடா" என்றாள். சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மைதானத்தில் ஒரே ஒரு கேட்டைத்தான் திறந்து வைத்திருந்தார்கள். மற்றவை பூட்டிக் கிடந்தன. பார்வை நேரம் முடியப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட, பின்னால் நின்றவர்கள் நெட்டித் தள்ளினார்கள். முன்னால் நின்றவர்களுக்கு இரும்புத் தடுப்பைத் தாண்டிப் போக வழியில்லை.

மன்றச் செயலாளர் ஒரு சலூன்காரர். அவர்தான் ஓட்டலுக்குப் போன் செய்தார். கோரஸுக்கு மூச்சுத் திணறல், பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். அவர் குரல் போன போக்கிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தம்பியின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டையை விலக்கிப் பார்த்தாள். மார்பின் குறுக்கே தடுப்புக் கம்பியின் தடம் கன்றிப் பதிந்திருந்தது.

அடக்கத்துக்கு மன்றத்தினர் கொடியோடு வந்தார்கள். தெருமுனையில் பேனர் எழுந்தது. மேலே பாடகர், ஆளுயரத்துக்கு. கீழே தம்பி, உள்ளங்கை அகலத்துக்கு. 'அண்ணன் இல்லாத உலகில் வாழ மனமின்றி உடன் சென்ற உண்மைத் தம்பி' என்று எழுதியிருந்தது. கண் மங்கிப்போன அம்மாவுக்குச் சலூன்காரரே அதைப் படித்துக் காட்டினார். அம்மா அந்த வார்த்தைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், அவ்வளவு பாசம் வைத்திருந்தான், அதான் கூடவே போய்விட்டான் என்று சொன்னாள். அக்கா எழுந்து உள்ளே போனாள்.

சில வாரங்கள் கழித்து, கையில் மாவுக்கட்டுப் போட்ட பெண் ஒருத்தி, பேப்பரில் தம்பியின் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, வீட்டைத் தேடிப்பிடித்து வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நல்லவேளையாக அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். நெரிசலில் தான் கீழே விழுந்ததையும், கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் தடுப்பில் இரண்டு கையையும் ஊன்றித் தன்மேல் ஆள் விழாமல் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றதையும் அவள் சொன்னாள். பூட்டிய பக்கத்துக் கேட்டில் காவலுக்கு நின்றவனைப் பார்த்து அவன் கத்திக்கொண்டே இருந்தானாம். உத்தரவு வரவில்லை என்று காவல்காரன் சொன்னானாம்.

"என்னன்னு கத்தினான்?" என்று அக்கா கேட்டாள்.

"கேட்டைத் திறங்க, ஆளுங்க சாகறாங்கன்னு கத்தினாரு. அந்தக் குரலு இன்னும் என் காதை விட்டுப் போகலக்கா."

"பாடகரைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள். "வலிக்குதுன்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு அக்காவை அழைத்துப்போய் மேடையில் உட்காரவைத்தார்கள். கேடயம் கொடுத்தார்கள். உடன் சென்ற தம்பி என்று மறுபடியும் சலூன்காரர் ஆரம்பித்தபோது அவள் எழுந்து மைக்கைக் கேட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தார்.

"என் தம்பி யார்கூடவும் போகல. வீட்டுக்குத் திரும்பி வரத்தான் போனான். கேட்டைத் திறக்காம அவனைக் கொன்னுட்டாங்க. அதைக் கேக்க உங்கள்ல ஒருத்தருக்கும் வாய் வரல."

பின்னாலிருந்து ஒருவன் மைக்கைப் பிடுங்கச் சொன்னான். சலூன்காரர் அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்து, துக்கத்தில் ஏதோ பேசுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். உடனே பாட்டு தொடங்கிவிட்டது. கேடயத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு அவள் இறங்கி நடந்தாள்.

அதற்குப் பிறகு மன்றத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சலூன்காரர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் ஒதுங்கினார். அவர் முகத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. விசாரணை அறிக்கையும் வந்தது. கட்டுக்கடங்காத கூட்டமே காரணம் என்று முடித்துவிட்டார்கள்.

மேடையில் நடந்ததை அக்கம்பக்கத்தார் அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். அம்மா மகளோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டை வைத்தால் சாப்பிடுவாள், முகம் கொடுக்கமாட்டாள். கடைசியில் ஒருநாள் அவளே வாயைத் திறந்தாள்.

"அவன் ஆசைப்பட்டுப் போனான்னு நெனச்சுத்தான் நான் தூங்கிட்டிருந்தேன். அதையும் பிடுங்கிட்டியேடி."

உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று அக்கா எண்ணியிருந்தாள். பாரம் இடம் மாறியதுதான் மிச்சம்.

வீட்டில் பாடகரின் குரல் ஓயவேயில்லை. மகனுக்குப் பிடித்த பாட்டுகள் என்று அம்மா வானொலியைப் போட்டுவிடுவாள். அக்காவால் அந்தக் குரலைத் தாங்க முடியாது. பாட்டு முடியும்வரை மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். பஸ்ஸில் போட்டால் இறங்கி நடப்பாள். பாடகர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. செத்துப்போனவர் என்ன செய்வார்? ஆனால் காதுக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அம்மா இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப வலிச்சிருக்குமா அவனுக்கு?"

அக்கா விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்ச நேரந்தாம்மா" என்றாள். அது பொய்யா நிஜமா என்று அவளுக்கும் தெரியாது.

அம்மா அவள் கையைத் துழாவிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சூடுபட்டுக் காய்த்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றிரவு முழுக்க வானொலி பாடவில்லை.

மறுநாள் அம்மா அதை மறுபடியும் போட்டாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். அக்கா படிக்கு எழுந்து போனாள்.