ஒளிக்காமல் பேசச் சொன்ன அத்தை

தேனி விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது அப்பா போன் செய்தார். "கெளம்பி கோம்பைக்கு வாடா" என்றார். "அத்தையா?" என்றேன். "வா, பேசிக்கலாம்." எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியை யாரும் நேராகச் சொன்னதில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் ஊர் கோம்பையில் இருந்த என் அத்தை பேச்சியம்மாள் இறந்துவிட்டார்கள் என்பதை பஸ்ஸில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அத்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். தென்னந்தோப்பைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர்கள். ஊருக்கு வரும் சனி, ஞாயிறுகளில் நான் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்தால், மொச்சை உரித்தபடியே குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது என்பான் வெள்ளைக்காரன் என்றேன். "பூனை சரி. நம்மூரு நாய் மேலருந்து விழுந்தா எவன்டா உசுரோட இருப்பான்?" என்றார்கள்.

ஒருமுறை மின்வாரிய ஊழியர் கம்பத்தில் ஏறும்போது, "'பிரேக் எ லெக்'னு சொல்லுங்க அத்த, வாழ்த்துதான்" என்று ஏற்றிவிட்டேன். அத்தை கணீரென்று சொன்னார்கள். 'காலை ஒடித்துக்கொள்' என்று மட்டும் புரிந்த அந்த மனிதர் பாதிக் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டார். தெருவுக்கு அன்று கரண்ட் இல்லை. என் காதுக்கு மட்டும் ஷாக். திருகி முடித்த பிறகு விளக்கம் கேட்டார்கள். மேடை ஏறுகிறவர்களுக்குக் கண்ணுபடாமலிருக்க அப்படிச் சொல்வார்கள் என்றேன். "தங்காத பிள்ளைக்குக் குப்பைன்னு நாம பேரு வைக்கிறதில்லையா? அவுகளும் நம்மள மாதிரி பயந்த சனந்தான்."

மழைக்காலத்தில் அத்தைக்கு வயிற்றுவலி வந்தது. தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. நோயாளியின் முன்னால் மோசமானதை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். "வீ கேன் ஒன்லி பை சம் டைம்" என்றார் டாக்டர். அப்பா தலையாட்டிவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, அல்சர்தான்" என்றார்.

அப்பா மருந்து வாங்கப் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டார்கள். "மருமகனே, நேரத்த வாங்கலாம்ங்கிறாரே டாக்டரு. யாருக்கு நேரம் பத்தல?"

எதற்கும் எசப்பாட்டுப் பாடுகிற நான் ஸ்கேன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீயே வாயடைச்சு நிக்கிற. அப்ப எனக்குத்தான்."

மறுநாள் டாக்டரிடம் அவர்களே கேட்டார்கள்: "ஐயா, வாங்குற நேரத்த எங்கன கழிக்கணும்னு நாந்தானே சொல்லணும்?" டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். புற்று ஈரல்வரை பரவியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோகக் கார் பேசியிருந்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். "மதுர வேணாம்டா தம்பி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இனிமே எங்கிட்ட ஒளிச்சுப் பேசாத" என்றார்கள் அத்தை.

பார்க்க வந்தவர்களோ, "தேறிருவீக" என்றார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அரையாண்டு விடுமுறை முழுக்க, காலையில் எழுந்ததும் என்னிடம்தான் கேட்டார்கள்: "எப்படிடா இருக்கேன்?" "நேத்தைக்கு இன்னிக்கு மோசம் அத்த. கண்ணு ரொம்ப மஞ்சளா இருக்கு." தலையசைத்துவிட்டு, தேங்காய் வெட்ட யாரைக் கூப்பிடுவது, தனக்குக் கடைசியில் எந்தச் சேலை உடுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். வலி கூடினால் தலையணையைக் கடித்தார்கள். அப்போது எனக்குக் கேலி ஒன்றும் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து நான் கிளம்பிய காலையில், "திரும்பி வாரப்ப நான் இருப்பேனா?" என்றார்கள்.

"இருக்க மாட்டீக அத்த."

என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடியில் எலும்புதான் இருந்தது. எங்கள் பக்கம் வீட்டிலிருந்து கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தப்பித்தவறிச் சொன்னால் முதல் அடி அத்தையிடமிருந்துதான் விழும். அன்று நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள்:

"நான் போறேன் மருமகனே."

பதில் சொல்ல முடியாமல் பஸ் ஏறினேன். இப்போது சொல்கிறேன்.

போங்க அத்த.