சவுக்குத் தோப்பில் அரைமணி நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் துணி அறை வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு எழுந்து நடக்கவே சிரமப்பட்ட நேரம். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. சலவைக்குப் போய் வந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவதுதான் என் வேலை. வேலைக்காரப் பெண்களுக்கான அறையிலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள். புதன்கிழமை விடுமுறை. ஞாயிறு கிடையவே கிடையாது. சனிக்கிழமை வந்து தங்கியவர்கள் ஞாயிறு காலையில்தான் அறையைக் காலி செய்வார்கள். துணி மலை மாதிரி குவியும்.

எனக்கோ ஞாயிறு என்றால் சபைதான். செங்கல்பட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம். நாற்பது பேர் பாயில் உட்காருவோம். ரயில் கடக்கும்போது போதகர் பேச்சை நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். பாட்டில் ஆண்கள் ஒரு வரி, பெண்கள் ஒரு வரி. ஆராதனை முடியும் நேரத்தில் எல்லோரும் எழுந்து நின்று, ஆண்டவர் சீக்கிரம் வரவேண்டும் என்று ஒரே குரலில் கேட்போம். சின்ன வயதிலிருந்து அப்படிக் கேட்டுக் கேட்டு, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். நாங்கள் கூடியிருக்கும்போது வருவார், அந்த நாற்பது பேரோடு என்னையும் அழைத்துக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிறு காலை பத்து மணியானால் கை விரிப்பை மடிக்கும், மனம் கூடத்தில் இருக்கும். இப்போது முதல் பாட்டு, இப்போது சாட்சி சொல்லும் நேரம் என்று கணக்கு ஓடும். புதன்கிழமை ஊருக்குப் போனால் கூடம் பூட்டியிருக்கும். ஒரு தடவை அதன் படியில் உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். ஆண்களின் வரியைப் பாட ஆளில்லாமல், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு நாள் வெளிநாட்டுக்காரப் பெண்மணி ஒருத்தி துணி அறை வாசலில் வந்து நின்று, “சர்ச்?” என்று கேட்டாள். கையைக் காட்டி வழி சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே உறைத்தது. மணி பதினொன்று. சபையைப் பற்றி ஒரு தடவைகூட நினைத்திருக்கவில்லை. விரிப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். போக முடியவில்லையே என்ற ஏக்கம்தான் அதுவரை எனக்கு மிச்சமிருந்தது. அதுவும் போய்விட்டது.

சபையில் என்னோடு ஒரே பாயில் உட்காரும் சிநேகிதிக்கு அன்றே கடிதம் எழுதினேன். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, எனக்குச் சாப்பாட்டு நேரம் விட்டபோது, ஓட்டல் கேட்டுக்கு வெளியே அவளே நின்றிருந்தாள். ஆராதனைக்குக் கட்டிய சேலை பஸ் நெரிசலில் கசங்கியிருந்தது.

“இன்னாடி, இவ்ளோ தூரம்?”

“திருக்கழுக்குன்றத்துல பஸ்ஸு நின்னுகினே கீது. பேஜாரா பூடுச்சி. எவ்ளோ நேரம் வுடுவாங்கோ உன்ன?”

“அரமணி.”

“அப்ப வா, சீக்கிரம்.”

ஓட்டலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. மணலில் உட்கார்ந்தோம். அன்றைய பிரசங்கத்தை அவள் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னாள். பிறகு பாட்டு. ஆண்களின் வரியைத் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு அவள் பாட, நான் சிரித்துவிட்டேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. என் வரி வந்தபோது பாடினேன்.

“எனக்கு பயமா கீதுடி,” என்றேன். “நான் பெட்ஷீட் மடிச்சிகினு இருக்கும்போது அவரு வந்துட்டா?”

“வந்தா இன்னா? மடிச்சிகினே கெளம்பு. வேல செய்யிறவங்கள அவரு வாணாம்னா சொன்னாரு? அவர மறந்துட்டு மடிக்காத, அவ்ளோதான்.” கொஞ்ச நேரம் மணலைக் கிளறினாள். “எனக்கும் பயம் கீது. ‘உன் பக்கத்துல பாடிகினு இருந்தாளே, அவ எங்க?’ன்னு கேட்டார்னா நான் இன்னா சொல்றது? அதான் வந்தேன்.”

அதன் பிறகு அவள் வராத ஞாயிறு குறைவு. சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஒருவர் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு நாள் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தார். வேடந்தாங்கல் பக்கத்துக்காரர், அவரும் கிறிஸ்தவர்தான், மாதா கோயிலுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று பேரானோம். ஒரு ஞாயிறு சிநேகிதி போதகரையே அழைத்து வந்துவிட்டாள். நற்கருணை கொடுக்கத் துணியில் சுற்றிய அப்பமும் சின்னப் பாட்டிலில் திராட்சை ரசமும் போதகர் கொண்டுவந்திருந்தார். அக்கா பின்னால் நகர்ந்துகொண்டார்.

“மூணு வருசமாச்சுங்க ஐயா. எனக்குக் குடுப்பீங்களா?”

“உனக்குன்னுதாம்மா எடுத்தாந்தேன்,” என்றார் போதகர்.

அக்கா அதை வாங்கின கையை வெகுநேரம் மூடியே வைத்திருந்தார்.

ஆனால் அந்த அரைமணி ஒரு நாளும் போதவில்லை. பாட்டு பாதியில் நிற்கும். ஜெபம் அவசரமாக முடியும். அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள், நாங்கள் உள்ளே ஓடுவோம். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. பிறகு அவளுக்கு நெல்லூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமானது. கடைசியாக வந்த ஞாயிறு அன்று மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, பஸ் நிலையம்வரை அவளோடு போனேன்.

“அங்க தெலுங்குல பாடுவாங்கோ. எந்த வரி நம்மளுதுன்னே தெரியாது,” என்றாள். பஸ் வந்தது. படியில் ஏறி நின்றுகொண்டு, “அவரு வந்துட்டார்னா இந்த பஸ் ரோதன இல்லடி. யாரும் எழுந்து போவ வாணாம்,” என்றாள். அழக்கூடாது என்று ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வருடமே செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்து ஊருக்குத் திரும்பினேன். ஞாயிறு கைக்கு வந்தது. சபை பெருகியிருந்தது. கூடத்தில் பாய் போய் நாற்காலி வந்திருந்தது, மைக்கும் கீபோர்டும் வந்திருந்தன. பெண்களின் வரியை எண்பது பேர் பாடினார்கள். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எல்லோரும் எழுந்து, ஆண்டவர் வரவேண்டும் என்று கேட்டோம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை சொன்னதுதான். நெல்லூரில் புரியாத பாட்டுக்கு நடுவில் நிற்பவளும், அந்த நேரத்தில் எச்சில் தட்டுகளோடு நிற்கும் அக்காவும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அன்றுதான் அதை நிஜமாகவே வேண்டிக் கேட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். மூன்று மணிக்கு ஓட்டல் கேட்டில் நின்றேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“நீ பூட்டன்னுதான் நெனச்சேன்,” என்றார். “புதுசா ரூம் பெருக்க ஒரு பொண்ணு வந்து கீது. கூட்டியாரவா?”

“கூட்டியாங்கக்கா,” என்றேன்.