நவம்பர் வரிசையில் வாங்கிய கையெழுத்து

ஷியாமளாவுக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவள். நானும் அங்கேதான் குப்பை கொட்டினேன். ரிட்டயர் ஆன பிறகும் அவள் என்னை விடவில்லை. தெருவில் யாராவது சருகை எரித்தால் வாளித் தண்ணீரோடு இறங்கிவிடுவாள். அவள் கணவர் மஹாதேவனும் எங்கள் கம்பெனி பென்ஷன்காரர்தான்; குளிர்காலம் வந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். இந்த ஊர்ப் புகை அவரைக் கொண்டுபோய்விடும் என்று அவளுக்குப் பயம்.

எங்கள் பென்ஷன் டிரஸ்ட் பணத்தில் ஒரு பகுதி நிலக்கரிக் கம்பெனிகளில் கிடக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன் தெரிந்துகொண்டாள். அதை வெளியே எடுக்க வேண்டும் என்பதே அன்றிலிருந்து பேச்சு. நூறு பென்ஷன்காரர்கள் கையெழுத்திட்டால் ஜனவரிக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எடுத்தே ஆக வேண்டும்.

நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க நவம்பரில் எல்லோரும் டிரஸ்ட் ஆபீஸுக்கு வருவோம். அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டோம். மனுவை ஷியாமளாதான் டைப் செய்தாள். பெயர், பென்ஷன் எண், தேதி எல்லாம் கட்டம் கட்டமாக. ஸ்டெனோ புத்தி போகுமா? நாலு நாளில் நூற்று அறுபத்துநாலு பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிசம்பர் கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியிலிருந்து முருகானந்தம் வந்தார். பழைய ஸ்டோர்ஸ் ஆள், தனிக்கட்டை.

"பென்ஷன் வரலையேம்மா. லைஃப் சர்டிஃபிகேட்ல உங்க கிட்டதானே கையெழுத்துப் போட்டேன்?"

"அது வேற பேப்பர் ஆச்சே!" என்றாள் ஷியாமளா.

"ஆபீஸ் ஃபாரம் மாதிரியே இருந்துச்சு. போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்."

உடனே அவரை ஆபீஸுக்குக் கூட்டிப்போய் சரியான ஃபாரத்தைக் கொடுக்க வைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். விடுவாளா? இன்னும் எத்தனை பேர் அப்படிப் போட்டார்களோ என்று பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"பேசாம இருடி. நல்ல காரியம்தானே, யாருக்குத் தெரியப் போறது?" என்று கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடி வரைக்கும் ஏறி இறங்கினாள். விளக்கிச் சொன்னதும் சிலர் இருக்கட்டும் என்றார்கள். பலர் பென்ஷனுக்கே வினையாகிவிடும் என்று பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். மறுநாள் காலை மனுவைக் கொடுக்க வேண்டும் என்கிறபோது மிஞ்சியது சரியாக நூறு.

சாயங்காலம் அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தேன். முதல் பெயர், எதிரே உட்கார்ந்திருந்த மஹாதேவனுடையது.

"இவரைக் கேட்டியோ?"

அவள் முகம் மாறிவிட்டது. "ஏன்னா, நீங்க படிச்சுட்டுத்தானே போட்டேள்?"

"நீ நீட்டினே, போட்டேன். என்ன அது?"

சொன்னாள். பொறுமையாக, முழுவதும் சொன்னாள். அவர் மூச்சுப் பம்பைக் கையில் உருட்டியபடி கேட்டார்.

"பென்ஷன் நின்னா இந்த மருந்துக்கு என்ன பண்ணுவே? என் பேரை அடிச்சுடு, ஷியாமு."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். ஷியாமளா பேனாவைத் திறந்து அடித்தாள்.

"காலம்பற வேற யாரையாவது பிடிக்கலாம்டி," என்றேன்.

"வீட்டுல இருக்கறவரையே பிடிக்கத் தெரியலையே, ராஜி," என்றாள்.