தோளில் இருந்த கை

நேற்றுக் காலை சாயா குடித்துக்கொண்டே போனைத் திறந்தால், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பெண்ணின் அஞ்சலிப் படம். தோப்பும்படிப் பக்கம், தமிழ்க் குடும்பம். கட்டினவனே கொன்றுவிட்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் கண் நேரே அவள் தோளுக்குத்தான் போனது. உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். பழைய தொழில் புத்தி, என்ன செய்வது.

இருபது வயதில் மட்டாஞ்சேரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம், யாராவது செத்தால் தெருமுனையில் கட்டுகிற ஃப்ளெக்ஸ், எல்லாம் என் கைவேலை. எழுத்து மலையாளத்தில்தான். தமிழில் எனக்கு அன்றைக்கும் ஒற்றுப்பிழை, இன்றைக்கும் ஒற்றுப்பிழை. கடைக்குப் பின்னால் சுக்குக் கிடங்கு இருந்ததால், மணப்பெண்கள் தும்மிக்கொண்டேதான் போஸ் கொடுப்பார்கள். ஸ்டுடியோ முதலாளி சேட்டனுக்குத் தெரிந்த போஸும் ஒன்றே ஒன்று. எந்த ஜோடி வந்தாலும் மாப்பிள்ளையைப் பார்த்து, "தோளில் கை வெய்க்கு மோனே" என்பார்.

சுக்கு நெடி என்றால் எனக்குப் பாக்கியக்கா ஞாபகம்தான் வரும். எங்கள் தெருக்காரர், அந்தக் கிடங்கில் சுக்கு சுத்தம் செய்கிறவர். அவருடைய ஒரே மகள் செல்வியை அவள் புருஷன் கத்தியால் குத்திக் கொன்றான். அதற்கு முன்னால் இரண்டு முறை அவள் அம்மா வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். இரண்டு முறையும் தெருவே கூடி சமாதானம் பேசி அனுப்பிவைத்தது. இரண்டாவது சமாதானத்துக்குப் பிறகு இருவரும் எங்கள் கடைக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்த செல்விக்கு இருந்த படம் அது ஒன்றுதான்.

ஃப்ளெக்ஸுக்காகப் பாக்கியக்கா அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வேலைக்குப் போகாத அன்றும் அவர் புடவையில் சுக்கு மணத்தது.

"அவன எடுத்துரு பிள்ளே."

ஆளை எடுப்பது சுலபம். கை மட்டும் அவள் தோளில் கிடந்தது. எங்கள் கடை சொல்லி வைத்த கை. புடவையில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த விரல்கள்மேல் ஒட்டினேன். பாக்கியக்கா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

"சுண்டுவிரல் தெரியுது பிள்ளே."

எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இன்னொரு பூ ஒட்டினேன்.

"இப்பக்கா?"

"தெரியுது."

எவ்வளவு நேரம் அப்படி ஒட்டினேனோ! கடைசியில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் என்றார்.

இன்னாரின் மனைவி என்று பெயருக்குக் கீழே போடுவது வழக்கம். சேட்டன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடியில பர்த்தாவோட பேரு வேண்டே அக்கா?"

"கொன்னவன் பேரு எதுக்கு சேட்டா? பாக்கியத்தோட மோளுன்னு போடு. இங்க எல்லாத்துக்கும் என்னத் தெரியும்."

சேட்டன் அப்படியே போடச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த ஜோடிக்கும் அவர் போஸ் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஃப்ளெக்ஸ் தெருமுனையில் இருந்தபோதே கிடங்குப் பெண்கள் ஒருவர் ஒருவராகக் கடைக்கு வரத் தொடங்கினார்கள். தலைவாரிப் பொட்டு வைத்து, நல்ல புடவையில். நான் ரேஷன் கார்டுக்கு என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

"எதுக்குக்கா தனிப்படம்?" என்று லதாக்காவிடம் கேட்டேன். கிடங்கிலேயே பெரிய வாயாடி அவர்.

"இருந்துட்டுப் போகட்டும். எங்கம்மா வந்து உன் பின்னால நிக்க வேணாம் பாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் லதாக்காவின் ஃப்ளெக்ஸையும் நானே செய்தேன். கொன்றவன் அவர் புருஷன். படத்தில் அழிக்க ஒன்றும் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

கிடங்கு இப்போது சுற்றுலாக்காரர்கள் காபி குடிக்கும் இடம். ஸ்டுடியோவில் போன் உறை விற்கிறார்கள். பாக்கியக்காவும் சேட்டனும் போய்ச் சேர்ந்தாயிற்று. எனக்கும் இந்தச் செய்திகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. தனிப்படம் வேண்டுமென்று இன்று யாரும் யாரிடமும் போக வேண்டியதில்லை, எல்லாப் பெண்களின் போனிலும் நிறைய இருக்கிறது. நேற்று வந்த படத்திலும் அவள் தோளில் யார் கையும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒழிந்துபோனது கையை அழிக்கிற வேலை மட்டும்தான்.