வாசலை அடைத்த வெய்யோ

பனித்தளத்தில் ஹாக்கி ஆடிய காலத்தில் வெய்யோ ஹக்கரைனனுக்கு ஒரே வேலைதான்: எவனையும் எங்கள் கோல் பக்கம் விடக்கூடாது. தடுப்பாட்டக்காரன். அவனுக்குப் பின்னால் கோல் காத்தவன் நான். பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் வட்டைப் பார்த்ததைவிட அவன் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். "தள்ளுடா, ஒண்ணும் தெரியல!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. காதில் வாங்கினால்தானே!

முழங்கால் மக்கர் பண்ணியதும் ஆட்டத்தை விட்டான். வீட்டை அடகு வைத்து, ஈஸல்மி ரயில் நிலையத்துக்கு எதிரே சறுக்குக் காலணியும் மட்டையும் விற்கும் கடை போட்டான். கடை என்னவோ ஜோராகத்தான் இருந்தது. முதலாளி எங்கே நின்றார் என்கிறீர்கள்? வாசலில். கையைக் கட்டிக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு. வந்தவர்கள் அவன் அகலத்தைப் பார்த்து, "சும்மா... இப்படியே போய்ட்டிருந்தோம்" என்று நழுவினார்கள்.

அவன் மனைவி இர்மெலி கல்லாவிலிருந்து கத்துவாள்: "கொஞ்சம் தள்ளேன் வெய்யோ! யாரு வர்றாங்கன்னே தெரியல."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். நான் பட்ட பாடு இன்னொருத்திக்கும் தெரிந்துவிட்டதே!

சிரிப்பெல்லாம் டிசம்பர் வரைதான். ஒரு நாள் எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே இர்மெலி அழுதுவிட்டாள். "இந்தக் குளிர்காலமும் வியாபாரம் ஆகலைன்னா வீடு போயிடும். நீயாவது அவன்கிட்ட சொல்லேன்."

சொன்னேன். "நான் என்ன பண்ணேன்? சும்மாதானே நிக்கிறேன்" என்றான், பாவம்.

மறுவாரம் ரைமோ வந்தான். பக்கத்து ஊர் அணியின் பழைய முன்வரிசை ஆட்டக்காரன். ஆடிய காலமெல்லாம் வெய்யோவின் தோளில் மோதி விழுந்தே பெயர் வாங்கியவன். இப்போது ஒரு பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர்; அத்தனை பேருக்கும் காலணி வாங்க வந்திருந்தான். வாசலில் இருவரும் நேருக்கு நேர். வெய்யோவின் தோள் மோதுவதற்குத் தானாக இறங்கியது. கல்லா பக்கம் உட்கார்ந்திருந்த நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"இன்னிக்காவது உள்ள விடுவியா?" என்றான் ரைமோ.

வெய்யோ திரும்பி இர்மெலியைப் பார்த்தான். பிறகு ஒதுங்கினான்.

ரைமோ நம்பவில்லை. கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, எப்படியும் இடி விழும் என்றே நுழைந்தான். விழவில்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையாடா உனக்கு?" என்றான்.

அளவுகளைச் சொல்லி, முன்பணமும் கட்டிவிட்டு அவன் போனதும், வெய்யோ பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"விட்டுட்டேன்," என்றான். "போயும் போயும் அவனை விட்டுட்டேன்."

இர்மெலி கல்லாவை விட்டு வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"போனா போறான்," என்றாள். "வீடு தப்பிச்சுது, வெய்யோ."