புகையைப் புதைக்கும் ஊரிலிருந்து

நார்வேயில் கடலை நெருங்க நெருங்க வீட்டின் மதிப்பு கூடும். வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. எங்கள் தெருவில் சில வீடுகளின் வாசற்படியே தண்ணீரில்தான் இறங்குகிறது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர், பழைய கப்பல்காரர், "உன் ஊர் வீடும் கடலோரமா?" என்று கேட்டார். "வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் கடல்" என்றேன். "கொடுத்துவைத்தவள்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். என் சின்ன வயதில் அதே கடலுக்கு நூறு எட்டுக்கு மேல் வைக்க வேண்டியிருந்தது என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் காப்பி ஊற்றப் போய்விட்டார்.

எங்கள் வீடு கேரளத்தின் தென்கோடிக் கடற்கரையில், பொழியூரில். அப்பா, அண்ணன் சேவியர் எல்லாம் கடல் தொழில். நான் பாறசாலைக்குப் பஸ் ஏறிப் படித்து, இன்ஜினியராகி இங்கே வந்தேன். ஒரு சிமெண்ட் ஆலையின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, திரவமாக்கி, கப்பலில் கொண்டுபோய்க் கடலடிப் பாறைக்குள் செலுத்துவதுதான் திட்டம். அதனால் ஆகும் செலவையும் கேட்டையும் நிறுத்துப் பார்ப்பது என் வேலை. வாயுவைப் பிடிக்கவே எவ்வளவு எரிபொருள் வேண்டும், பிடிக்கிற ரசாயனம் காற்றில் எவ்வளவு கசியும், பாறை விரிசல் விட்டால் மீனுக்கு என்ன ஆகும், எத்தனை தலைமுறை காவல் இருக்க வேண்டும்? எல்லாம் பார்த்து 'செய்யலாம்' என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் நாங்கள் புதைப்பது இனி மேலே போகவிருந்த புகையில் ஒரு துளி. ஏற்கெனவே போனது போனதுதான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊருக்குப் போனேன். கரையோர வீடுகளைக் காலி செய்தால் கடலை விட்டுத் தள்ளி நெய்யாற்றின்கரைப் பக்கம் ஃபிளாட் தருவதாக அரசிடமிருந்து கடிதம் வந்திருந்த சமயம். பூசை முடிந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது சேவியர் அண்ணன் கேட்டார்.

"நீ படிச்சவளாக்கும். சொல்லு மக்கா, அந்தப் பொகைய எல்லாம் கடலுக்கடியில தள்ளினா இந்தக் கடலு அடங்குமா?"

"அடங்கும் அண்ணா. அதுக்காக்கும் நாங்க அங்க கெடக்கோம்."

அண்ணனின் கூட்டாளிகள் நாலைந்து பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் விமானம் ஏறியதும் சொன்னதையே மறந்துவிட்டேன்.

போன வாரம் அலுவலகத்தில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார். "மக்கா, முன்னறைக்குள்ள வெள்ளம் வந்தாச்சு. பிள்ளையள பள்ளிக்கூடத்து முகாம்ல கொண்டு விட்டிருக்கேன்."

"ஃபிளாட்டுக்குப் போங்கண்ணா."

"எந்த ஃபிளாட்டு? வேண்டாம்னு அப்பவே எழுதிக் குடுத்தாச்சே. கடலு அடங்கும்னு நீ சொன்னல்லா."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது தப்பு, நம் காலத்தில் அடங்காது, பக்கத்துக் கரையில் அலையைத் தடுக்கப் போட்ட புலிமுட்டுக் கற்களும் நம் மண்ணை இழுக்கின்றன என்று ஒரே மூச்சில் கொட்டினேன். பிறகு, "அப்ப நீ அங்க என்னத்துக்கு மக்கா வேலை செய்யுத?" என்றார். மறுநாள் ஊர் ஆபீசுக்குப் போன் செய்து கெஞ்சினேன். ஃபிளாட் பட்டியல் முடிந்துவிட்டதாம். என்னைப் போல வெளியே இருப்பவர்களே, நாம் சும்மா சொல்வதைக்கூட ஊர் நம்பிவிடுகிறது. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தவள், என் வாய்ச்சொல்லை நிறுக்கவில்லை.

நேற்று காலை பெரியவர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வீடியோவில் வந்தார். "உன் அறையிலதான் நிக்கேன். கட்டில மட்டும் எடுத்தாச்சு. நீ வாறப்ப எங்க படுப்ப?" என்று கேட்டுவிட்டு, தென்னை நின்ற இடத்தைக் காட்ட போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். தென்னை இல்லை. ஜன்னல் நிறையக் கடல், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

காப்பியோடு வந்த பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அடடா, ஜன்னலைத் திறந்தால் கடல்! இதுவா உன் அறை?"

"ஆமாம், என் அறை" என்றேன்.